பிறந்த இடமும் வாய்ப்பும்: இதைக் கண்காட்சிப் படைப்பாக எப்படிச் செய்வது?

நீலக்கோடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பகலில் வரைகலை வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் அச்சுப் படங்களும் சிறிய இன்ஸ்டலேஷன்களும் செய்து வருகிறேன். அடுத்த ஆண்டு இங்கே சிங்கப்பூரில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து வைக்கவிருக்கும் குழுக் கண்காட்சியில், கழக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறை அளவுக்கு ஒரு மூலை எனக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் பிறக்கும் இடம் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளை எந்த அளவுக்கு முடிவு செய்கிறது என்பதை அங்கே காட்ட விரும்புகிறேன்.

இந்த எண்ணம் எங்கள் குடும்பத்திலிருந்து வந்தது. என் தாத்தாவும் அவருடைய தம்பியும் அறந்தாங்கிப் பக்கம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். தாத்தா ரஜூலா கப்பலேறி இங்கு வந்துவிட்டார். நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளச் சின்னத் தாத்தா ஊரிலேயே நின்றுவிட்டார். நான் கேகே மருத்துவமனையில் பிறந்தேன். சின்னத் தாத்தாவின் பேரன், எனக்கு அண்ணன் முறை, ஊரில் பிறந்தார். இப்போது அவரும் இதே சிங்கப்பூரில்தான் இருக்கிறார். வேலை அனுமதிச் சீட்டில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டு, தங்குவிடுதி அறை ஒன்றைப் பலருடன் பகிர்ந்துகொள்கிறார். என் சிவப்புக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பயண வசதியை வைத்துக் கடப்பிதழ்களை வரிசைப்படுத்தும் ஹென்லி குறியீட்டின் 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. முன்கூட்டியே விசா எடுக்காமல் 190க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அதை வைத்துக்கொண்டு போய்வரலாம். அண்ணனின் கடப்பிதழுக்கு அந்த எண்ணிக்கை அறுபதைக்கூடத் தொடவில்லை. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே.

நான் யோசித்து வைத்திருப்பது இது: தரை முழுவதும் ஓர் உலக வரைபடம், வாசலில் ஒரு குலுக்கல் பெட்டி. உள்ளே வருபவர் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டைப் போல அச்சடித்த ஒரு சீட்டை எடுப்பார். அதில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊருக்கு நேராகப் போய் நின்றால், அங்கே பிறந்த ஒருவரின் வாழ்க்கை எப்படி அமையக்கூடும் என்பது சுவரில் ஒளிரும். நம் ஊரில் குலுக்கல் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பதால் இது எளிதில் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். இது சரிவருமா என்பதையும், அண்ணனின் கதையை இதில் சேர்க்கலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரித்துண்டு:

தங்கள் குடும்பக் கதையே வலுவாக இருக்கும்போது குலுக்கல் பெட்டி எதற்கு என்பதுதான் எனக்கு எழும் முதல் கேள்வி. குலுக்கலில் யாரும் யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. பந்து உருள்கிறது, எண் விழுகிறது, தோற்றவரைப் பற்றி எவருக்கும் பொறுப்பில்லை. தங்கள் அண்ணனின் சம்பளமும், அவர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்பதும், மனைவியை உடன் வைத்துக்கொள்ளலாமா என்பதும் யாரோ எழுதி, அவ்வப்போது யாரோ திருத்துகிற விதிகளால் முடிவாகின்றன. பிறப்பு தற்செயலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தற்செயலைச் சம்பளமாக மாற்றுவது எது என்பதே படைப்பின் பொருளாக இருக்க வேண்டும். குலுக்கல் பெட்டியை வைத்தால் பார்வையாளர் சீட்டை எடுத்துப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லி, படம் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

உலக வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். அது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அதனாலேயே கடினமானது. மும்பையைச் சேர்ந்த ரீனா சைனி கல்லட் மின்கம்பிகளைப் பின்னி, புலம்பெயர்ந்தோர் சென்ற வழிகளை உலக வரைபடமாகச் சுவரில் அமைத்தார். செய்தி கடத்தும் கம்பியே முள்வேலியைப் போலவும் தோன்றுவதால் அங்கே வரைபடத்துக்கு ஒரு வேலை இருந்தது. தரையில் ஒட்டிய வினைல் வரைபடத்துக்கு அப்படி என்ன வேலை இருக்கப்போகிறது?

விதியையே படைப்பாக்கியதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஸ்பானியக் கலைஞர் சாந்தியாகோ சியெர்ரா. 2003ஆம் ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஸ்பெயின் நாட்டின் அரங்கை அவரிடம் கொடுத்தார்கள். அவர் முன்வாசலை உட்புறமாகச் சுவர் எழுப்பி அடைத்தார். முகப்பில் இருந்த நாட்டின் பெயரைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடினார். பின்வாசலில் காவலரை நிறுத்தி, ஸ்பானியக் கடப்பிதழோ அடையாள அட்டையோ வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றார். உலகமெங்கும் சுற்றிப் பழகிய கலை விமர்சகர்களும் சேகரிப்பாளர்களும் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே போனவர்கள் கண்டது பெரும்பாலும் வெற்றறை. அவ்வளவுதான் படைப்பு. ஒரு புகைப்படம் இல்லை, கண்ணீர்க் கதை இல்லை. விதி மட்டும் இருந்தது, அந்த விதி பார்வையாளரின் உடம்பின் மீது செயல்பட்டது.

ஆனால் அதை அப்படியே இங்கே செய்யாதீர்கள். வெனிஸில் தடுக்கப்பட்டவர்கள் வேறெங்கும் தடுக்கப்படாதவர்கள் என்பதால் அது வேலை செய்தது. இங்கே கடப்பிதழ் பார்த்து உள்ளே விட்டால், சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்று களைத்தவர்களையே தாங்களும் மறுபடி நிறுத்திவைப்பீர்கள்.

நம் தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959இல் வரைந்த மலாய் மொழி வகுப்பு ஓவியம் இருக்கிறது. அதன் கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். சீனாவின் சாந்தோவில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்த ஓர் ஓவியர், புதிதாகப் பிறக்கவிருந்த ஒரு நாட்டின் மக்களிடம் கேட்கும் கேள்விகளாக அவற்றைப் பார்த்தால், ஒரு படிவத்தின் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். தாங்களும் படிவங்களிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

எண்கணக்கு:

கரித்துண்டு அவர்கள் சொன்னதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். தரவுகளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, உலக மக்களின் வருமானங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டதை, அவர்கள் எந்த நாட்டில் வாழ்கிறார்கள், அந்த நாட்டில் வருமானம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே விளக்கிவிடலாம். உழைப்பு, திறமை, அதிர்ஷ்டம் ஆகியவை மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். 2020இல் பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் ஐநா கணக்கின்படி ஏறத்தாழ 28 கோடிப் பேர். உலக மக்கள் தொகையில் இது 3.6 விழுக்காடு. ஆகவே பெரும்பாலானோருக்கு வாழும் நாடும் பிறந்த நாடும் ஒன்றே.

ஆனால் நாட்டோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். புதுடில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்காவுக்குப் போன பொருளியலாளர் ராஜ் செட்டி, அங்கே ஒரே நகரத்தின் அண்டை வட்டாரங்களுக்கிடையே பிள்ளைகளின் எதிர்கால வருமானம் எவ்வளவு மாறுபடுகிறது என்பதை 2018இல் தம் குழுவினருடன் சேர்ந்து வரைபடமாகவே வெளியிட்டார். அதற்கு முன்பு, 1990களில் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஏழைக் குடும்பங்களை வறுமை குறைந்த வட்டாரங்களுக்கு இடம்பெயர்த்த ஒரு திட்டத்தை அவரும் மற்றவர்களும் மறுபடி ஆராய்ந்தார்கள். இடம்பெயர்ந்தபோது 13 வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், இடம்பெயராதவர்களைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊரிலும் தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போது, இடம் போதாத பள்ளிகளில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலிடமும், இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த இடமும் கொடுக்கிறார்கள் அல்லவா? வெளிநாட்டு அண்ணனைப் பற்றி மட்டும் பேசினால் பார்வையாளருக்கு வசதியாகப் போய்விடும். அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்தைத் தரையில் வரைந்தால் அவரும் அதற்குள் நிற்க வேண்டியிருக்கும்.

எண்ணைக் கலையாக்க முடியுமா என்ற ஐயம் இருந்தால், 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்கு அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் தம் மாணவர்களுடன் சேர்ந்து மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்த விளக்கப்படங்களைத் தேடிப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்களின் நிலவுடைமை, தொழில், கல்வி ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு. தாளுக்குள் நேராக அடங்காத பட்டையைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுருள் தாளின் நடுவில் உட்கார்ந்துகொண்டு கண்ணை விடாது.

தாங்கள் அச்சுக்கலை செய்பவர் என்பதால் ஒரு யோசனை. மையில்லாத புடைப்பச்சில் ஒரு தாளுக்கு ஆயிரம் புள்ளிகள் வையுங்கள், ஆயிரம் பிறப்புகளுக்காக. ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளுக்கான புள்ளிகளை மட்டும் ஊசியால் துளைத்துவிடுங்கள். சிங்கப்பூர்த் தாளில் ஏறத்தாழ இரண்டு துளைகள் இருக்கும். நைஜீரியத் தாளில் நூற்றுக்கு மேல் இருக்கும். விரலால் தடவிப் பார்க்க விடுங்கள்.

துவாஸ் மேற்கு:

சகோதரி அவர்களுக்கு வணக்கம். நான் தங்கள் அண்ணனைப் போலவே வேலை அனுமதிச் சீட்டில் வந்தவன். இப்போது இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேலே சொன்ன வெளிநாட்டுக் கலைஞர்களை எனக்குத் தெரியாது. ஆனால் படிவங்களிலிருந்து தொடங்குங்கள் என்று ஐயா எழுதியதைப் படித்தவுடன் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்களில் பெரும்பாலோரிடம் பட்டன் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்திருப்போம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஐடிஐ படித்திருந்தால் அதன் சான்றிதழ், ஊரில் தொழில்திறன் டெஸ்ட் அடித்து (எழுதி) தேறியதற்கான தாள், மருத்துவப் பரிசோதனைத் தாள் எல்லாம் அதில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, கடப்பிதழ் நகலில் இருக்கும் முகம் கறுத்துப்போய் யாருடையது என்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஐபிஏ இருக்கும், அதாவது விமானம் ஏறுவதற்கு முன் எங்களுக்கு வந்துசேர வேண்டிய கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். அதில் பிறந்த தேதி, நாடு, முதலாளி, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்று ஒவ்வொன்றும் கட்டம் கட்டி எழுதியிருக்கும். தமிழிலும் ஒரு பிரதி உண்டு. நான் என் வாழ்க்கையில் மிக அதிகமான முறை படித்த தாள் அதுவாகத்தான் இருக்கும். என் விலை எவ்வளவு என்பது, நான் ஒரு நாள்கூட வேலை செய்வதற்கு முன்பே அதில் இருந்தது.

எண்கணக்கு அவர்கள் அண்டை வட்டாரங்களைப் பற்றி எழுதியது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூருக்கு வந்து போனவர் இருப்பார். எந்த ஏஜெண்டை நம்பலாம், எந்த மையத்தில் டெஸ்ட் அடித்தால் சீக்கிரம் தேதி கிடைக்கும் என்பதையெல்லாம் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே தெரிந்துகொள்வோம். வாய்க்காலைத் தாண்டினால் அடுத்த ஊர். அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த ஊர்ப் பையன்கள் ஏஜெண்டிடம் கூடுதலாகக் கொடுத்து ஏமாந்தது எனக்குத் தெரியும். ஆகவே அறந்தாங்கிப் பக்கம் என்று ஒரே புள்ளியாக வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மரியாதையுடன் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை மாணவர்கள் சிலர் கண்காட்சிக்காக என்று எங்களைப் படம் பிடித்தார்கள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டாம் என்றார்கள். அன்று எங்களுக்கு விடுமுறை. நல்ல சட்டை போட்டிருந்தோம். அந்தப் படங்களை எங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அண்ணனின் கதையை எடுக்கும் முன், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரிடமே கேளுங்கள். ஊரில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நீலக்கோடு:

மூவருக்கும் மிக்க நன்றி. துவாஸ் மேற்கு அண்ணா, உங்கள் கோப்பைப் பற்றிப் படித்த பிறகு என் மூலையில் என்ன இருக்க வேண்டும் என்பது எனக்கு ஓரளவு தெரிகிறது. என் பிறப்புச் சான்றிதழையும் அண்ணனின் ஐபிஏ கடிதத்தையும் கட்டத்துக்குக் கட்டம் அதே அளவில், ஆளுயரத் தாள்களில் அச்சிட்டு எதிரெதிராகத் தொங்கவிட்டு, நடுவில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளி விடலாம் என்று நினைக்கிறேன். பெயர், எண்கள், முதலாளியின் விவரம் ஆகிய எதுவும் இருக்காது. கட்டங்களும் சம்பள வரியும் மட்டும் இருக்கும். குலுக்கலை முழுவதும் விட்டுவிட மனம் வரவில்லை. அதைக் கண்டதும் புரிந்துகொள்பவர்கள் இந்த ஊரில் அதிகம் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

அண்ணனிடம் பேசினேன். சம்மதம் என்றார், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கண்காட்சிக்கு வந்து அந்தக் கடிதத்தை வாய்விட்டு வாசிக்க முடியுமா என்று கேட்க ஆசையாக இருக்கிறது. அதற்கு முறையான ஊதியமும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

பழைய தன்னார்வலர்:

உண்டு, அம்மா. வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் அதில் குறிப்பிட்டிருக்கும் முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையைத்தான் செய்யலாம். வேறிடத்தில் ஊதியம் வாங்கிக்கொண்டு வேலை செய்தால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வினையாக முடியும். உங்களுக்கு அபராதம், அவருக்கு ஊர் திரும்பும் விமானம். நல்லெண்ணத்தில் கொடுக்கும் பணமே அவருடைய வேலையைப் பறித்துவிடக்கூடும் என்பதால், அவர் ஒரு சொல் வாசிக்கும் முன்பே மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளிக்கும் தெரிந்திருப்பது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் வாசிக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் மேல் அந்தப் பதில் கடிதத்தை வையுங்கள். அதுவும் உங்கள் பொருளுக்குள் அடங்கியதுதான்.

விதிகளைக் காட்டப்போகிறீர்கள் என்றால், எந்த நாட்டவர் என்று நேரடியாகக் கேட்கும் விதிகளை எடுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் மலேசியர் எல்லாத் துறைகளிலும் வேலை செய்யலாம். இந்தியருக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்றவை உண்டு. சேவைத் துறை நெடுங்காலம் மூடியே இருந்தது, இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு 2023 செப்டம்பரில்தான் கதவு திறந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை சுட ஆள் கிடைக்கவில்லை என்று கடைக்காரர்கள் புலம்பியதெல்லாம் அதற்கு முந்தைய கதை. அந்தச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. எஸ் பாஸில் இருப்பவரும் மாதம் ஆறாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலைச் சம்பளம் வாங்கினால்தான் முடியும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சிங்கப்பூரரைத் திருமணம் செய்துகொள்ள வேண்டுமானால் அமைச்சின் ஒப்புதல் வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழுக்கு எதிரே இந்த வரிகள் நிற்கட்டும்.

ஆனால் அந்தச் சான்றிதழையும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இங்கே பிறப்பது மட்டும் குடியுரிமை தந்துவிடுவதில்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும். உங்களுக்கு அடுத்த கட்டிலில் அதே நாளில் பிறந்த குழந்தை அந்நியராகவே வீடு திரும்பியிருக்கலாம். அமெரிக்காவில் 1868ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி பிறந்த மண்ணே போதும் என்பதே நெடுங்கால வழக்கம்; இந்தியாவிலும் 1987 ஜூன் வரை பிறந்தவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. ஆகவே உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையிலான வேறுபாடு கேகே மருத்துவமனையில் தொடங்கவில்லை. தாத்தா கப்பலேறியதிலும் பின்னர் குடியுரிமை பெற்றதிலும் இருக்கிறது. அவருடைய குடியுரிமைச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது கிடைத்தால் மூன்றாவது தாள் அதுதான்.

இடத்தைப் பற்றியும் ஒன்று. முடிந்தால் கண்காட்சியின் ஒரு பகுதியாவது லிட்டில் இந்தியா பக்கம் இருக்கட்டும். பழைய கேகே கட்டடம் ஹேம்ப்ஷயர் சாலையில் இருக்கிறது. 1966இல் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஞாயிறு இரவில் தங்குவிடுதிகளுக்குப் போகும் பேருந்துகளுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாக் கலவரம் நடந்ததும் ஹேம்ப்ஷயர் சாலையும் ரேஸ் கோர்ஸ் சாலையும் சேரும் சந்திப்பில்தான். அத்தனையும் ஒரே முனையில் இருக்கும்போது தரையில் உலக வரைபடம் தேவைப்படாது.

கரித்துண்டு:

ஆளுயரத் தாள்கள் என்ற யோசனை நன்று. ஒரு செய்முறைக் குறிப்பு: பழுப்பேற்றிப் பழையது போலக் காட்ட முயலாதீர்கள், அலுவலகத் தாளின் அதே வெண்மை இருக்கட்டும், எழுத்துருவையும் மாற்றாதீர்கள். சங்கப் பாட்டு வரி ஒன்றைச் சுவரில் எழுதிவைக்கும் ஆசை நம் கண்காட்சிகளில் யாருக்காவது வந்துவிடும். நண்பர்களிடம் இப்போதே சொல்லித் தடுத்துவிடுங்கள். குலுக்கல் பெட்டியை எப்படியும் வைப்பீர்கள் போலிருக்கிறது. வைப்பதானால் வெறுமையாக வையுங்கள்.

துவாஸ் மேற்கு:

தாத்தாவின் சான்றிதழைத் தேடச் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. கடிதத்தை அச்சிடும்போது பிடித்தங்கள் என்ற கட்டத்தைச் சின்னதாக ஆக்கிவிடாதீர்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கண்காட்சியை மாலை ஆறு மணிக்கு மூடுவதாக இருந்தால் எங்களில் யாரும் வர முடியாது. ஞாயிறன்றும் பலருக்கு மதியம் வரை வேலை உண்டு. குளித்து, சமைத்து, பேருந்து பிடித்துத் தேக்காவுக்கு வந்து சேர நாலரை ஐந்து ஆகிவிடும். பிறகு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சாமான் வாங்க வேண்டும். இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று இடம் கொடுப்பவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்; எங்கள் அறையிலிருந்து நாலைந்து பேரை நான் அழைத்துவருகிறேன்.